சும்மாடு இல்லாமல் சுமை தூக்கலாமா?

பழைய சாலைகளின் ஓரத்தில் சில இடங்களில் இன்றும் சுமைதாங்கிக் கல்லைப் பார்க்கலாம். இரண்டு கல் தூண்கள். அவற்றின்மேல் குறுக்கே ஒரு நீண்ட கல். தலையில் பாரத்தோடு நடந்து வருகிறவர் யார் உதவியும் இல்லாமல் பாரத்தை அதன்மேல் இறக்கி வைப்பார். சற்று இளைப்பாறுவார். பிறகு தலைக்கு ஏற்றிக் கொண்டு வழி நடப்பார்.

கர்ப்பமாக இருந்தபோது இறந்துபோன பெண்ணின் நினைவாக இந்தக் கல்லை நடுவது பழைய வழக்கம். வயிற்றுச் சுமையை இறக்காமலே போய்விட்டாளே என்ற துக்கம், ஊரார் சுமையை இறக்கும் தர்மமாக மாறியது.

கல்லைப் போலவே சும்மாடும் பழையது. துண்டைச் சுருட்டி, வளையமாக்கித் தலையில் வைத்து, அதன்மேல்தான் பாரத்தை ஏற்றுவார்கள். சுமப்பவனுக்குக் கூலி கொடுத்தால் மட்டும் போதாது, அவன் உடம்புக்கும் ஒரு பாதுகாப்பு வேண்டும் என்பது படிக்காத பாட்டனுக்கும் தெரிந்திருந்தது.

இன்று தலைச்சுமை குறைந்து வருகிறது. அதற்குப் பதிலாகக் கைச்சுமை வந்திருக்கிறது. அதற்குச் சும்மாடு உண்டா?

தோளில் தொங்கும் எந்திரம்

தென்னந்தோப்பிலும், வயல் வரப்பிலும், நெடுஞ்சாலை ஓரத்திலும், பள்ளிக்கூட மைதானத்திலும் புல் வெட்டும் எந்திரத்தின் இரைச்சலை இப்போது அடிக்கடி கேட்கலாம். 'பிரஷ் கட்டர்' என்றே கிராமத்திலும் சொல்கிறார்கள். ஒரு முனையில் பெட்ரோல் எஞ்சின். நடுவில் ஆள் உயரத்துக்கு நீண்ட குழாய். மறுமுனையில் சுழலும் இரும்புத் தகடு, அல்லது நைலான் நரம்பு.

நரம்பு சுற்றும் எந்திரம் பிறந்த கதை சுவையானது. அமெரிக்காவில் ஹூஸ்டன் நகரில் ஜார்ஜ் பாலாஸ் என்பவர் இருந்தார். 1971ஆம் ஆண்டில் ஒரு நாள் அவர் தம்முடைய காரை எந்திரத்தில் கழுவக் கொடுத்தார். சுழலும் தூரிகைகள் காரில் கீறல் விழாமல் அழுக்கை எடுப்பதைப் பார்த்தார். மரப்பட்டையில் காயம் படாமல் அதன் அடியில் உள்ள புல்லையும் இப்படி வெட்டினால் என்ன என்று தோன்றியது. சோளப்பொரி வந்த காலித் தகர டப்பாவில் துளை போட்டார். தூண்டில் நரம்பை அதில் கட்டினார். எந்திரத்தில் பொருத்திச் சுழல விட்டார். புல் அறுந்தது.

மரத்தின் பட்டை நோகக் கூடாது என்று நினைத்ததால் பிறந்த கருவி இது. அதைப் பிடிக்கும் மனிதனின் தோள்பட்டை நோகலாமா?

அரைக் குடம் தண்ணீர்

பெட்ரோலில் ஓடும் எந்திரங்கள் பலவும் 6 கிலோவிலிருந்து 9 கிலோ வரை எடை உள்ளவை. ஏறக்குறைய அரைக் குடம் தண்ணீரின் எடை. இதைச் சிறிது நேரம் தூக்குவது பெரிய காரியம் இல்லை. ஆனால் புல் வெட்டுகிறவர் அதைத் தூக்கிக் கொண்டு சும்மா நிற்பதில்லை. இடமும் வலமும் வீசுகிறார். குனிகிறார். மேடு பள்ளத்தில் நடக்கிறார். காலை முதல் மாலை வரை இதே வேலை.

தண்ணீர்க் குடத்தைப் பெண்கள் கையில் தொங்க விட்டா கொண்டு வருகிறார்கள்? இடுப்பில் வைக்கிறார்கள். இடுப்பு எலும்பு பெரியது; பலமானது. பாரம் அதன்மேல் இறங்கிக் கால்கள் வழியே தரைக்குப் போய்விடுகிறது. கைக்கு வேலை குடத்தைச் சாயாமல் அணைத்துக் கொள்வது மட்டும்தான்.

புல் வெட்டும் எந்திரத்துக்கு இதே வேலையைச் செய்வது தோள் வார். அகலமான பட்டையும், மெத்தென்ற உறையும், ஒரு கொக்கியும் கொண்ட சாதாரணப் பொருள்தான். எந்திரம் கொக்கியில் தொங்கும். பாரம் தோளுக்கும் இடுப்புக்கும் போய்விடும். கை எந்திரத்தை நடத்தினால் போதும்.

வார் இல்லாவிட்டால் கைதான் தூக்க வேண்டும். கைதான் வீசவும் வேண்டும். முதல் நாள் புஜம் வலிக்கும். பிறகு கழுத்து வலிக்கும். ஒரு பக்கமாகச் சாய்ந்து சாய்ந்து முதுகும் பிடித்துக் கொள்ளும். 'பழகிவிட்டது' என்று தொழிலாளி சொல்வார். பழகியது மனம்தான். உடம்பு கணக்கு எழுதிக் கொண்டே இருக்கும்.

எத்தனை வகை?

தோள் வாரில் இரண்டு வகை முக்கியம். ஒன்று ஒற்றை வார். பள்ளிப் பையைக் குறுக்கே மாட்டுவதுபோல, இடது தோளில் தொடங்கி வலது இடுப்பில் முடியும். எடை குறைந்த எந்திரத்துக்கும், குறைந்த நேர வேலைக்கும் இது போதும்.

மற்றொன்று இரட்டை வார். இரண்டு தோளிலும் மாட்டி, மார்பிலோ இடுப்பிலோ பூட்டிக் கொள்வது. பாரம் இரு பக்கமும் சமமாகப் பரவும். வலது பக்கத்தில் ஒரு தடித்த பலகை இருக்கும். எந்திரத்தின் குழாய் தொடையில் உராயாமல் அது தடுக்கும். நாள் முழுவதும் உழைப்பவருக்கு ஏற்றது இதுதான்.

எஞ்சினையே முதுகில் சுமக்கும் எந்திரங்களும் கடைகளில் கிடைக்கின்றன. சரிவான நிலத்திலும் குறுகிய வரப்பிலும் அவை சௌகரியமானவை.

வாருக்கு வேறொரு பயனும் உண்டு. புல்லுக்குள் மறைந்திருக்கும் கல்லிலோ கட்டையிலோ இரும்புத் தகடு மோதினால் எந்திரம் திடீரென்று எகிறும். கையில் மட்டும் பிடித்திருந்தால் அது எந்தப் பக்கமும் போகலாம். கொக்கியில் மாட்டியிருந்தால் காலிலிருந்து தள்ளியே நிற்கும். ஆகவே வார் வலியை மட்டும் தடுப்பதில்லை. காலையும் காக்கிறது.

முடிச்சு ஆபத்து

புது எந்திரத்தோடு வந்த வார் சில நாளில் காணாமல் போவது உண்டு. அறுந்து போனால் புதிதாக வாங்க மனம் வருவதில்லை. கயிற்றைக் கட்டிக் கொள்வார்கள். அல்லது தலைத் துண்டை முடிச்சுப் போட்டுத் தோளில் மாட்டிக் கொள்வார்கள்.

இதில் இரண்டு கெடுதல்கள். முதலாவது, மெல்லிய கயிறு தோளில் பதிந்து அறுக்கும். இரண்டாவது மிகப் பெரிய ஆபத்து. எந்திரத்தில் இருப்பது பெட்ரோல். தீப்பிடித்தால் ஒரு நொடியில் எந்திரத்தைக் கழற்றி எறிய வேண்டும். அதற்காகவே நல்ல வாரில் ஒரு விடுவிப்புப் பூட்டு இருக்கிறது. இழுத்தால் எந்திரம் கீழே விழுந்துவிடும். கயிற்று முடிச்சை அந்த நேரத்தில் யார் அவிழ்ப்பது?

பூட்டு இருந்தாலும் பழக்கம் வேண்டும். எஞ்சினை நிறுத்தி வைத்துக் கொண்டு, பூட்டை இழுத்து எந்திரத்தை விடுவிக்கப் பல முறை பழகிப் பார்க்க வேண்டும். ஆபத்து வரும்போது யோசிக்க நேரம் இராது. கை தானாகப் போக வேண்டும்.

அணியும் முறை

வார் இருந்தும் சரியாக அணியாவிட்டால் பயன் இல்லை. முறை மிகவும் எளிது.

முதலில் எஞ்சினை நிறுத்திய நிலையில், வேலைக்கு வேண்டிய பெட்ரோலை நிரப்பிக் கொள்ள வேண்டும். பெட்ரோல் தீரத் தீரப் பின்பாரம் குறையும். எனவே நிரப்பிய பிறகு சரி பார்ப்பதே நல்லது.

வாரை அணிந்து நேராக நிற்க வேண்டும். கொக்கி வலது இடுப்பு எலும்புக்கு ஒரு கையகலம் கீழே இருக்கும்படி பட்டையை இழுத்துக் கொள்ள வேண்டும்.

எந்திரத்தைக் கொக்கியில் மாட்டி, இரண்டு கைகளையும் மெல்ல எடுத்துப் பார்க்க வேண்டும். நைலான் நரம்போ புல் வெட்டும் தகடோ பொருத்தியிருந்தால், முன்முனை தரையை லேசாகத் தொட்டு நிற்க வேண்டும். முன்முனை பாரமாக அழுத்தினால், குழாயில் உள்ள வளையத்தை முன்பக்கம் நகர்த்த வேண்டும். முன்முனை மேலே தூக்கினால், வளையத்தை எஞ்சின் பக்கம் நகர்த்த வேண்டும். தராசு சரி செய்வது போலத்தான்.

ஒரே எந்திரத்தை இரண்டு பேர் மாற்றி மாற்றி உபயோகித்தால், ஒவ்வொரு முறையும் பட்டையைச் சரி செய்ய வேண்டும். உயரமான ஆண் அணிந்த வாரைக் குள்ளமான பெண் அப்படியே மாட்டினால், பாரம் இடுப்பில் இறங்காது. தொடையில் இடித்துக் கொண்டிருக்கும்.

எந்திரம் ஓடும்போது மற்றவர்கள் 15 மீட்டர், அதாவது சுமார் 50 அடி தள்ளி நிற்க வேண்டும். சிதறும் சிறு கல்லும் கண்ணைக் கெடுக்கும். குழந்தைகளை அருகில் விடவே கூடாது.

வார் தீர்க்காத தொல்லை

வார் எல்லாக் கஷ்டத்தையும் போக்கிவிடாது. எஞ்சினின் அதிர்வு கைக்குப் போய்க் கொண்டேதான் இருக்கும்.

அதிர்வு என்ன செய்யும் என்பது நூறு ஆண்டுக்கு முன்பே தெரிந்த செய்தி. 1918ஆம் ஆண்டில் ஆலிஸ் ஹாமில்டன் என்ற பெண் டாக்டர், அமெரிக்காவில் இண்டியானா மாநிலத்துக் கல் வெட்டும் தொழிலாளர்களைப் பரிசோதித்தார். அதிரும் சுத்தியலைப் பிடித்துப் பிடித்து அவர்கள் விரல்கள் வெளுத்து மரத்துப் போயிருந்தன. குளிர்ந்த காலை நேரத்தில் தொல்லை அதிகமாக இருந்தது.

எந்திரத்தை இறுக்கிப் பிடிக்கப் பிடிக்க அதிர்வு அதிகமாகக் கையில் ஏறும். பாரத்தை வார் ஏற்றுக் கொண்டால் இறுக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. ஆகவே வார் இதிலும் ஓரளவு துணை செய்கிறது. ஆனால் முழு மருந்து ஓய்வுதான். நேரத்துக்கு நேரம் எந்திரத்தை இறக்கி வைத்து, நிழலில் உட்கார்ந்து, தண்ணீர் குடிக்க வேண்டும். விரல் மரத்தாலோ வெளுத்தாலோ டாக்டரிடம் காட்ட வேண்டும். காதுக்கு அடைப்பும், கண்ணுக்குக் கண்ணாடியும், காலுக்குப் பூட்சும் வேண்டும்.

யார் பொறுப்பு?

'வெயிலில் வார் வியர்வையாக ஒட்டுகிறது. அதனால் ஆட்களே போட்டுக் கொள்வதில்லை' என்று சில முதலாளிகள் சொல்லலாம். அதில் உண்மை இல்லாமல் இல்லை. சித்திரை வெயிலில் மார்பில் பட்டையைக் கட்டிக் கொள்வது சுகமான காரியம் அல்ல. அதற்குப் பரிகாரம் வாரை எறிவதா? வெயில் ஏறும் முன் வேலையைத் தொடங்கலாம். நடுப்பகலில் நிறுத்தலாம். காற்றுப் புகும் வாரை வாங்கலாம்.

மணிக் கணக்கில் கூலி பேசும்போது ஓய்வையும் சேர்த்துப் பேச வேண்டும். ஓய்வு எடுத்தால் கூலி குறையும் என்றால் எந்தத் தொழிலாளியும் உட்கார மாட்டார்.

எந்திரத்தின் விலை பல ஆயிரம் ரூபாய். வாரின் விலை அதில் ஒரு சிறு பங்கு. எந்திரம் கெட்டால் உடனே மெக்கானிக்கிடம் ஓடுகிறார்கள். புது பாகம் வாங்கிப் போடுகிறார்கள். தோள்பட்டை கெட்டால் எந்தக் கடையில் வாங்குவது?

விற்கிற கடைக்காரர் வாரை அட்டைப் பெட்டியில் வைத்துக் கொடுத்தால் போதாது. வாங்குகிறவருக்கு மாட்டிக் காட்ட வேண்டும். மானியத்தில் விவசாயக் கருவி வழங்கும் அதிகாரிகள், சாவி கொடுக்கும் நாளிலேயே வார் அணியும் முறையையும் கற்றுக் கொடுக்க வேண்டும். பஞ்சாயத்தும் நகராட்சியும் புல் வெட்டும் வேலையைக் காண்டிராக்டில் விடும்போது, 'ஆளுக்கு ஒரு நல்ல வார்' என்று ஒப்பந்தத்தில் எழுத வேண்டும். எழுதினால் மட்டும் போதாது. வேலை நடக்கும் இடத்தில் போய்ப் பார்க்கவும் வேண்டும்.

குடும்பத்தாருக்கும் இதில் பங்கு உண்டு. மாலையில் வீட்டுக்கு வந்து தைலம் தேய்க்கச் சொல்லும் கணவனிடம், மகனிடம், 'இன்று வார் போட்டுக் கொண்டாயா?' என்று கேட்க வேண்டும். தைலத்துக்கு மாதா மாதம் செலவாகும் காசு ஒரு வாருக்குப் போதும்.

சொந்த எந்திரத்தோடு வேலைக்குப் போகிறவர் பலர். அவர்களுக்கு முதலாளி அவர்களேதான். எந்திரம் பழசானால் விற்றுவிட்டு வேறு வாங்கலாம். உடம்புதான் கடைசி வரை துணை வர வேண்டிய முதல்.

சும்மாட்டை யாரும் ஆடம்பரம் என்று சொன்னது இல்லை. அது சுமையின் ஒரு பகுதியாகவே இருந்தது. தோள் வாரும் அப்படியே எந்திரத்தின் ஒரு பகுதி. வார் இல்லாத எந்திரம் பாதி எந்திரம். பாதி எந்திரத்தைக் கையில் கொடுத்து முழு வேலையைக் கேட்பது நியாயம் ஆகாது.