நூல் அறுந்தால் நிற்கும் தறி

காலை ஆறரை மணியளவில் பசறை வீதியோரம் நின்று, மலைகளிலிருந்து பதுளை நகரை நோக்கி இறங்கும் வான்களைச் சிறிது நேரம் பார்த்திருங்கள். லுணுகலைப் பக்கத்து வான், மடுல்சீமைப் பக்கத்து வான், நமுனுகுலைச் சாரலிலிருந்து வளைந்து வளைந்து வரும் வான் என ஒன்றன்பின் ஒன்றாக வரும். உள்ளே வெண்ணிற உடையணிந்த பிள்ளைகள் புத்தகப் பைகளை மடியில் அணைத்தபடி நெருங்கி அமர்ந்திருப்பர். அவ்வான்கள் பலவற்றின் முகப்பில் ஒரே முத்திரையைக் காணலாம். "டொயோட்டாவா? அப்ப பயமில்ல" என்பது எங்கள் தோட்டப்புறங்களில் ஒரு பழமொழியாகவே வழங்கி வருகின்றது.

அந்தப் 'பயமில்ல' என்ற சொல்லைப் பற்றித்தான் இங்கே எழுதப் புகுந்தேன். இலக்கணம் படிப்பிப்பவனுக்கு மோட்டார் வாகனத்தில் என்ன வேலை என நண்பர் சிலர் நகைக்கக்கூடும். மூன்று கை மாறி வந்த பழைய கொரொல்லா ஒன்றை வைத்துக்கொண்டு, சம்பளத்தில் ஒரு பங்கை மாதந்தோறும் அதற்குக் காணிக்கையாகச் செலுத்தி வருபவன் யான். அந்த உரிமையே போதும்.

முதலிற் பெயரைப் பார்ப்போம். பண்டிதர்களுக்கு அதுதானே எளிது. டகரம் தமிழில் மொழிக்கு முதலாகாது. அதனால் யாழ்ப்பாணத்தார் பலர் 'ரொயோட்டா' என எழுதினர். நாம் இலக்கணத்தை மீறி 'டொயோட்டா' என்கிறோம். ஆனால் இதனினும் சுவையான செய்தி ஒன்று உண்டு. இக்கம்பனியைத் தொடங்கிய குடும்பத்தின் பெயர் 'டொயோடா' என்பதே. வளமான வயல் என்பது அதன் பொருள். 1936இல் முத்திரைக்கென ஒரு போட்டி வைத்தபோது, மெலிந்து ஒலிக்கும் 'டா'வை விடுத்து வலித்து ஒலிக்கும் 'ட்டா'வைக் கொண்டனர். அவர்தம் எழுத்தில் அப்பெயரை எட்டுக் கோடுகளால் எழுதி முடிக்கலாம். எட்டு அவர்களுக்கு மங்கல எண். இவ்வேறுபாட்டைக் காட்ட ஆங்கிலத்துக்கு வேறு எழுத்து வேண்டும். நமக்கோ ஒரு புள்ளியிட்ட எழுத்தே போதும். 'ஓடு' என்பதற்கும் 'ஓட்டு' என்பதற்கும் உள்ள அதே வேறுபாடுதான். குடும்பம் ஓடியது, கம்பனி ஓட்டுகிறது என்று வகுப்பில் ஒருமுறை கூறினேன். தன்வினை பிறவினை அன்று விளங்கியதுபோல் என்றும் விளங்கியதில்லை.

'கொரொல்லா' என்பதும் நமக்கு அயலன்று. பூவின் இதழ் வட்டத்தைக் குறிக்கும் அச்சொல்லைத் தாவரவியல் நூலார் 'அல்லி' எனத் தமிழ்ப்படுத்தினர். 1966இல் அவ்வண்டி வெளிவந்தது. நியாயமாகப் பார்த்தால் என் வாகனத்தை யான் அல்லி என்றே அழைக்கவேண்டும். ஆனால் அல்லி அரசாணியைப் பற்றி நாம் அறிந்தவற்றை நினைந்து அடங்கி இருக்கிறேன்.

இனி வரலாறு. இவ்வாகனத்தின் தாய்வீடு நெசவுச்சாலை என்பதை நம்மவருட் பலர் அறியார். 1867இல் ஒரு தச்சரின் மகனாகப் பிறந்த சகிச்சி டொயோடா, தம் தாயார் தறியில் படும் பாட்டைக் கண்டே தறியைத் திருத்த முற்பட்டார் என்பர். 1890இல் மரத்தாலான கைத்தறி ஒன்றை ஆக்கினார். பல ஆண்டுகள் முயன்று, 1924இல் தானியங்கித் தறி ஒன்றை நிறைவு செய்தார். பாவு நூலோ ஊடு நூலோ அறுந்தால் அத்தறி தானே நின்றுவிடும். அதன் பெருமை விரைவில் மட்டும் இல்லை. இந்த நிற்றலில்தான் இருந்தது. அறுந்த நூலோடு ஓடும் தறி வீண் துணியை நெய்துகொண்டே போகும். அதனைக் காவல் காக்க ஓர் ஆள் பக்கத்திலேயே இருத்தல் வேண்டும். தானே நிற்கத் தெரிந்த தறிகளோ பலவற்றை ஒருவரே மேற்பார்க்கலாம். 1929இல் இங்கிலாந்தின் பிளற் சகோதரர் கம்பனி அதன் உரிமையை ஒரு இலட்சம் பவுணுக்குப் பெற்றது. அப்பணம் மகன் கீச்சிரோவின் மோட்டார் ஆராய்ச்சிக்கு உதவியது என்று கூறுவர். தறித் தொழிற்சாலைக்குள் 1933இல் மோட்டார்ப் பிரிவு தோன்றியது. 1936இல் முதற் கார் விற்பனைக்கு வந்தது. 1937இல் தனிக் கம்பனி எழுந்தது.

தறியிற் கற்ற பாடத்தை மோட்டார்ச் சாலைக்கும் அவர்கள் கொண்டுவந்தனர். வேலைத்தலத்தில் குறை கண்ட எந்தத் தொழிலாளியும் ஒரு கயிற்றை இழுத்துக் கண்காணியை அழைக்கலாம். குறை உடனே தீராவிடில் வரிசை முழுவதும் நிற்கும். இதற்கு அவர்கள் வைத்த பெயர் 'ஜிடோகா'. தானியங்குதல் என்பதே அதன் வழக்கமான பொருள். ஆனால் 'அசைதல்' என்பதைக் குறிக்கும் எழுத்தோடு 'மனிதன்' என்னும் குறியையும் சேர்த்து எழுதுவது இக்கம்பனியின் வழக்கம். ஓர் எழுத்துறுப்பைக் கூட்டி இயந்திரத்துக்குள் மனிதனை வைத்த இந்தச் செயலை எண்ணி யான் பலமுறை வியந்ததுண்டு.

இனி எம் மலைக்கு வருவோம். யான் சிறுவனாயிருந்த காலத்தில் தோட்டத்தில் மோட்டார் என்றால் துரையின் லாண்ட்ரோவர். அடுத்தது கொழுந்து லொறி. நகரில் ஒஸ்ரினும் மொரிஸ் மைனரும் ஓடின. நோயாளியைக் கம்பளியில் வைத்து நால்வர் சுமந்து பெரிய பாதைக்குக் கொண்டுவருவர். லொறி வந்தால் உயிர் பிழைக்கும். 1977இல் இறக்குமதிக் கதவு திறந்த பின்னரே யப்பானிய வாகனங்கள் பெருகின. அவர்களும் நம்மைப் போல் வீதியின் இடப்புறம் செல்பவர்கள். ஆகவே அங்கே ஓடிக் கழித்த வண்டி இங்கே மாற்றமின்றி ஓடும். டீ.எக்ஸ். வாகனும் 'டொல்பின்' என நாம் செல்லப்பெயரிட்ட ஹைஏஸ் வானும் அவ்வாறு வந்தவையே. கடல்வாழ் விலங்கின் பெயர் சூடிய வண்டி கடலைக் காணாத எம் மலைகளில் நீந்துகிறது!

எங்கள் பாடசாலைக்குப் பிள்ளைகளை ஏற்றி வரும் இளைஞர் ஒருவர் அத்தகைய வான் ஒன்றின் உரிமையாளர். லயத்தில் பிறந்தவர். அவருடைய தாயார் குவைத்தில் ஆறு ஆண்டுகள் வீட்டுவேலை செய்து அனுப்பிய பணம் பாதி, லீசிங் பாதியாக வாங்கிய வான் அது. காலையிலும் மாலையிலும் பிள்ளைகள்; இடையில் மரக்கறி மூட்டை; வெள்ளிக்கிழமை கோயில் பயணம்; நள்ளிரவில் யாரேனும் கதவைத் தட்டினால் பதுளை ஆஸ்பத்திரி. 2022இல் எரிபொருளுக்கு நாடே வரிசையில் நின்றபோது, ஒரு கலனில் ஐந்து லீற்றர் டீசலை அவர் தொடாமல் வைத்திருந்தார். 'புள்ளப்பேத்துக்கு வச்சது' என்று லயத்தார் அதற்குப் பெயரிட்டிருந்தனர். மும்மடங்கு விலை கொடுப்பதாகக் கேட்டவர்க்கும் அவர் அதனைத் தரவில்லை. 2020இல் வாகன இறக்குமதி தடைப்பட்டபின், 2025இல் அது மீளத் திறக்கும்வரை, பழைய வான்களின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. விற்றுவிடுமாறு பலர் அவருக்குக் கூறினர். "வித்தா காசு வரும் சேர். ராத்திரி கதவத் தட்டுனா யாரு போறது?" என்றார்.

வண்டியைப் பற்றி அவரிடம் கேட்டால், இயந்திரத்தைப் புகழ்வார். பின்புறத்து வில்லுத்தகடு தோட்டப்பாதையில் முறிவதைச் சொல்லி வருந்துவார். உதிரிப்பாகங்களில் போலியும் உண்மையும் கலந்து வருவதைச் சொல்லிச் சினப்பார். பெயரை மட்டும் நம்பியவராக அவரை யான் கண்டதில்லை. பெயரை நம்பியவன் யானே.

என் அல்லியின் கதை இது. சில ஆண்டுகளுக்கு முன், முகப்புப் பலகையில் பிரேக்குக்குரிய சிவப்பு விளக்கு எரியத் தொடங்கியது. கராஜுக்குக் கொண்டு சென்றேன். அரைமணி நேரத்தில் விளக்கு அணைந்தது, கூலியும் குறைவு. மகிழ்ந்து வந்தேன். அடுத்த வாரம் மனைவியையும் மாமியாரையும் ஏற்றிக்கொண்டு கதிர்காமத்துக்குப் புறப்பட்டேன். எல்ல கடல்மட்டத்திலிருந்து ஆயிரம் மீற்றருக்கு மேலே உள்ளது. வெல்லவாய ஏறத்தாழ இருநூறு மீற்றரில் உள்ளது. இராவணன் நீர்வீழ்ச்சியைக் கடந்து இறங்குகையில் பிரேக் மிதி தரைவரை சென்றது. கியரைக் குறைத்து, கைப்பிரேக்கை இழுத்து, மலைப்பக்கத்து வடிகாலில் சில்லை இறக்கி ஒருவாறு நிறுத்தினேன். மாமியார் அன்று முருகனை அழைத்த குரல் கதிர்காமத்துக்குக் கேட்டிருக்கும். மீண்டு வந்து விசாரித்தபோது அந்தக் கராஜ் பாஸ் சிறிதும் தயங்காமல் விடை சொன்னார்: "அது சும்மா சும்மா எரிஞ்சிச்சு சேர். பல்ப கழட்டி விட்டேன்."

அவரை ஏசிப் பயனில்லை. விளக்கை அணைத்துத் தருமாறு கேட்டவன் யான். குறையைத் தீர்த்துத் தருமாறு கேட்டிலேன். 'டொயோட்டாதானே' என்ற எண்ணம் என் மனத்தில் இருந்தது. அறுந்த நூலை அறிவிக்கும் உறுப்பைக் கழற்றி எறிந்துவிட்டுத் தறியின் பெயரைத் தொழுதேன்.

அக்கம்பனியே இப்பாடத்தை மறந்த காலமும் உண்டு. 2009, 2010ஆம் ஆண்டுகளில் வேகமிதி முதலியவற்றின் குறைகளுக்காக உலகெங்கும் பல இலட்சக்கணக்கான வாகனங்களைத் திருப்பியழைக்க நேர்ந்தது. நிறுவனரின் பேரனாகிய அக்கியோ டொயோடா 2010 பெப்ரவரியில் அமெரிக்க காங்கிரஸ் குழுவின் முன் நின்று மன்னிப்புக் கேட்டார். தம் வளர்ச்சி அளவுக்கு மிஞ்சி விரைந்துவிட்டது என ஒப்பினார். அதன் துணைக் கம்பனியான டைஹட்சு, பாதுகாப்புச் சோதனைகளில் முறைகேடு வெளிப்பட்டமையால், 2023 டிசெம்பரில் தன் வாகனங்கள் யாவற்றின் விநியோகத்தையும் நிறுத்தியது. 2024 ஜூனில் நம் நகரிலும் ஓடும் கொரொல்லா அக்சியோ உட்பட மூன்று வகைகளின் உற்பத்தியை, சான்றுச் சோதனைக் குறைபாடுகளால் டொயோட்டாவே இடைநிறுத்தியது. பெயர் காவல் செய்யாது. நிற்க வேண்டிய இடத்தில் நிற்பதே காவல். அவர்கள் பிந்தியேனும் நின்றார்கள்.

ஊவா வீதிகளில் பிந்தி நிற்பதற்கு இடமில்லை. 2021 மார்ச் 20இல் பசறைக்கு அருகே பஸ் பள்ளத்தில் வீழ்ந்ததை மறந்தோமா? 2025 செப்டெம்பர் 4 இரவு, யான் தப்பிய அதே எல்ல - வெல்லவாய வீதியில் மற்றொரு பஸ் வீழ்ந்து பதினைந்து பேர் மாண்டனர். ஒவ்வொன்றுக்கும் காரணம் வேறு வேறாகலாம். ஆனால் இச்சரிவுகளில் ஒரு சிறு பழுதுக்குத் தப்ப எத்தனை அடி நிலம் கிடைக்கும் என்பதை அவை காட்டிவிட்டன.

இப்போது யான் சொல்ல வந்ததற்கு வருகிறேன். 2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளியோடு வந்த பெருமழையும் மண்சரிவும் எங்கள் மாவட்டத்தைச் சிதைத்துப் போயின. அதன்பின் பாடசாலை மீண்டும் கூடிய நாட்களில், கல்லும் சேறுமாகக் கிடந்த தோட்டப்பாதையில் கல்லொன்று பட்டு அவ்விளைஞரின் வானில் பிரேக் குழாய் ஒழுகத் தொடங்கியது. அவர் அன்றே வானை நிறுத்தினார். உரிய குழாய் வந்து சேர மூன்று நாட்கள் ஆயின. முதல் நாள் பெற்றோர் பொறுத்தனர். இரண்டாம் நாள் முணுமுணுத்தனர். மூன்றாம் நாள் ஐந்து பிள்ளைகள் வேறொரு வானுக்கு மாற்றப்பட்டனர். மாத முடிவில் நின்ற மூன்று நாட்களுக்கும் கூலி குறைக்கப்பட்டது. லீசிங் தவணையோ ஒரு நாளும் குறையவில்லை. "அடுத்த தடவ ஓட்டிட்டுத்தான் சேர் பாக்கணும்" என்று அவர் சொன்னபோது எனக்கு நெஞ்சு திடுக்கிட்டது. வாகனத்தில் இருந்த விளக்கு எரிந்தது. மனிதனுக்குள் இருந்த விளக்கை நாம் கழற்றிக்கொண்டிருந்தோம்.

ஆகவே பாடசாலை அபிவிருத்திச் சங்கக் கூட்டத்தில் ஒரு பிரேரணை வைத்தேன். பழுதுக்காக வானை நிறுத்தும் நாளுக்கும் கூலி கொடுக்க வேண்டும். கராஜ் துண்டு காட்டினால் மாதத்தில் மூன்று நாள்வரை யாதும் குறைத்தலாகாது. அந்நாட்களில் பிள்ளைகளை அழைத்துவரப் பெற்றோர் முறைவைத்துக்கொள்ள வேண்டும். தறியையும் கயிற்றையும் பற்றிச் சிறிது விரிவாகவே பேசினேன். யாவரும் கேட்டிருந்தனர்.

பின்வரிசையிலிருந்து கொழுந்து பறிக்கும் தாய் ஒருவர் எழுந்தார். "நாங்க மலைக்குப் போகாத நாளைக்கு எங்களுக்கு யாரு சேர் சம்பளம் தர்றாங்க?"

அதற்கு என்னிடம் விடை இருக்கவில்லை, இன்றும் இல்லை. அவரைக் குறை சொல்பவன் அவர் கைப்பணத்தை ஒருநாள் எண்ணிப் பார்க்க வேண்டும். கூட்டம் சிறிது நேரம் மௌனமாயிருந்தது. பின்னர் அவரே, "மூணு நாளு முடியாது. ரெண்டு நாளுன்னா தரலாம். எம் புள்ளயும் அதுலதான வருது" என்று சொல்லி அமர்ந்தார். தீர்மானப் புத்தகத்தில் 'இரண்டு நாட்கள்' என்று எழுதிக் கையொப்பமிட்டோம். மூன்றாம் நாளைப் பற்றி அடுத்த கூட்டத்தில் மறுபடியும் பேசுவேன்.