"யார்ட பக்கத்தால வந்தது?" எண்டு கேக்கிறதை நிப்பாட்டுவம்

டவுன் சிண்ட்ரோம் உள்ள பிள்ளை ஒன்று பிறந்தால் எங்கட சனம் முதலில் கேட்கிற கேள்வி, "யார்ட பக்கத்தால வந்தது?" என்பதுதான். கிரகணத்தண்டு வெளியில போனவவாம். சொந்தத்துக்குள்ள கலியாணம் கட்டினவையாம். போன பிறப்புப் பாவமாம். வெள்ளவத்தையோ கொட்டாஞ்சேனையோ கொலன்னாவையோ, கதை கடைசியில் தாயின் தலையில்தான் விழும். ஏ.எல். பயோ படிச்ச ஆக்களும் இதைக் கேட்டுக்கொண்டு வாய் திறக்காமல் இருக்கிறம். அதுதான் எனக்குக் கோபம்.

விளக்கம் ஒன்றும் கஷ்டமில்லை. மனித உடற்கலத்தில் 46 நிறமூர்த்தங்கள், அதாவது 23 சோடி. முட்டையோ விந்தோ உருவாகும்போது ஒவ்வொரு சோடியும் பிரிந்து ஒன்றொன்றாகப் போகவேண்டும். சில நேரம் 21ஆம் சோடி பிரியாமல் இரண்டும் ஒரே கலத்துக்குள் போய்விடும். பிறகு கரு உருவாகும்போது அது மூன்றாகும், மொத்தம் 47. ஜெரோம் லெஜூன், மார்த் கோத்தியே ஆகியோர் இருந்த பிரெஞ்சுக் குழு 1959இலேயே இதை வெளியிட்டுவிட்டது.

கிரகணத்துக்கு இதில் ஒரு வேலையும் இல்லை. சொந்தக் கலியாணம் வேறு சில பரம்பரை நோய்களுக்கான வாய்ப்பைக் கூட்டும், உண்மைதான். ஆனால் டவுன் சிண்ட்ரோம் உள்ளவர்களில் சுமார் 95 சதவீதமானோருக்கு நடந்தது தற்செயலான இந்தப் பிரியாமைதான். மிகச் சிலருக்கு மட்டும் 21ஆம் நிறமூர்த்தத்தின் துண்டு இன்னொன்றோடு ஒட்டியிருக்கும். அது தாயிடமிருந்தும் வரலாம், தகப்பனிடமிருந்தும் வரலாம். அதைப் பரிசோதித்துத்தான் சொல்லலாம், ஊர்க்கதையால் சொல்ல ஏலாது.

"வயசு போய்ப் பெத்தா அப்பிடித்தானே?" எண்டு உடனே கேப்பீங்கள். ஓம், தாயின் வயதோடு வாய்ப்புக் கூடும். 40 வயதில் கிட்டத்தட்ட நூறில் ஒன்று. ஆனால் இருபதுகளில் உள்ள தாய்மாருக்கும் இப்படிப் பிள்ளைகள் பிறக்கிறார்கள். வயது ஒரு குற்றமுமில்லை. தன் கலம் எப்படிப் பிரியவேண்டும் என்று யாரும் கட்டளை போட ஏலாது.

பழி தேடுகிற நேரத்தில் பிள்ளைக்குத் தேவையானது பிந்துகிறது. இந்தப் பிள்ளைகளில் கிட்டத்தட்டப் பாதிப்பேருக்கு இதயத்தில் குறைபாடு இருக்கும். பெரும்பாலும் சத்திரசிகிச்சையால் சரிசெய்யலாம். தைரொயிட், காது, கண் எல்லாம் பார்க்கவேண்டும். பேச்சுப் பயிற்சி சின்னனிலேயே தொடங்கவேண்டும். நேர்த்தி வைக்கிறது உங்கட விருப்பம், வையுங்கோ. ஆனால் கொலன்னாவையிலிருந்து பொரளை லேடி றிட்ஜ்வே சிறுவர் வைத்தியசாலைக்குக் கொஞ்சத் தூரம்தான். அங்கையும் போங்கோ.

பிறகு பள்ளிக்கூடம். "மற்றப் பிள்ளையளின்ர படிப்புக் குழம்பும்" எண்டு சொல்லித் திருப்பி அனுப்புகிறவர்களுக்கு 1996ஆம் ஆண்டின் 28ஆம் இலக்கச் சட்டத்தைக் காட்டுங்கள். இயலாமையைக் காரணம் காட்டிப் பாடசாலை அனுமதியிலோ வேலைக்கு எடுப்பதிலோ பாகுபாடு காட்டக்கூடாது என்று அது நேராகவே சொல்கிறது. சட்டம் வந்து எத்தனை வருஷம்! எங்கட வகுப்பில் இப்படி எத்தனை பேர் இருந்தார்கள்? எண்ணிப் பாருங்கள்.

அடுத்த முறை வீட்டிலோ கலியாண வீட்டிலோ ஒரு மாமி அந்தக் கேள்வியைக் கேட்டால், போனைப் பாத்துக்கொண்டு இருக்காதேங்கோ. "மாமி, அது ஆற்ற பிழையும் இல்லை" எண்டு சத்தமாச் சொல்லுங்கோ. அந்தத் தாய்க்கும் கேக்கட்டும்.