சுண்டெலியின் சாட்சியம்

பெற்றோர் தம் மக்கட்கு விட்டுச் செல்வன யாவும் செல்வமாகா. மார்ஃபான் நோயும் ஒரு பிதிரார்ச்சிதமே. 1896-ஆம் ஆண்டில் கைகால்களும் விரல்களும் மிக நீண்ட ஒரு சிறுமியைப் பற்றி எழுதிய பாரிஸ் வைத்தியர் அந்துவான் மார்ஃபானின் பெயரை அது தாங்கியுள்ளது. இந்நோயில் உயிரைக் கவர்வது பெருந்தமனியின் கேடு. இருதயத்தினின்று எழும் அக்குழாயின் அடி ஆண்டுதோறும் விரிந்து ஒருநாள் கிழிகின்றது. பெற்றோருள் ஒருவர்க்கு நோய் இருப்பின், பிறக்கும் ஒவ்வொரு மகவுக்கும் அது வருதற்குப் பாதிக்குப் பாதி இடமுண்டு.

2006-ஆம் ஆண்டில் பால்டிமோர் நகரத்து ஜான்ஸ் ஹாப்கின்ஸ் பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர், இந்நோயின் மரபணுப் பிழையைத் தாங்கிய சுண்டெலிகளுக்கு லோசார்ட்டன் கொடுத்தனர். இரத்த அழுத்தத்திற்கு முன்னரே வழங்கிவந்த மருந்து அது. அவ்வெலிகளின் பெருந்தமனி நோயற்றவற்றினதைப் போலவே வளர்ந்தது! நோயாளர் குடும்பங்களில் எழுந்த நம்பிக்கை சிறிதன்று. ஆனால் 608 சிறுவரையும் இளைஞரையும் மூன்றாண்டு கவனித்து 2014-இல் வெளியிட்ட பரிசோதனையில், லோசார்ட்டன் பழைய மருந்தாகிய அட்டினோலாலை விஞ்சவில்லை.

எலிக்குப் பலித்தது மனிதனுக்குப் பலிக்குமோ என்று நகைப்பார் உளர். யாம் அந்நகைப்பில் கலவோம். எலிகளில் லோசார்ட்டன், அட்டினோலாலின் இனத்ததாகிய புரோபிரனலாலை வென்றது. மனிதரில் அவ்வெற்றி கிட்டவில்லை. இதனை மறைத்தல் தகாது. எனினும் மருந்தே கொடாத சிறுவரோடு அப்பரிசோதனை ஒப்புநோக்கவில்லை. இரு மருந்தும் சமமெனின், இரண்டும் பயனுடையனவாகவும் இருக்கலாமன்றோ? மேலும், எலிகள் மருந்துண்ணத் தொடங்கியது இளம்பருவத்தில், சில தாய்வயிற்றிலேயே; மனிதரோ பெருந்தமனி முன்னரே விரிந்தவர்கள். (நகைப்போர் போற்றும் பழைய மருந்தின் இனமும், பெருந்தமனி வெடித்து மாளும் வான்கோழிகளில் சோதிக்கப்பட்டதே.)

எலி கூறியது சாட்சியம். அதனைத் தீர்ப்பென்று முழங்கியோரே குடும்பங்களை ஏமாற்றினர். எலிச் செய்தியை வெளியிடுவோர், மருந்து எப்பருவத்தில் தொடங்கிற்று, எதனோடு ஒப்பிடப்பட்டது என்னும் இரண்டையும் தலைப்பின் கீழேயே எழுதுதல் வேண்டும்.

லோசார்ட்டனின் இனத்ததாகிய இர்பெசார்ட்டனைப் பொய்ம்மருந்தோடு ஒப்பிட்ட பிரிட்டிஷ் பரிசோதனையின் முடிவு 2019-இல் வந்தது. பங்கேற்ற 192 பேருள், இர்பெசார்ட்டன் உண்டோரின் பெருந்தமனி ஆண்டுக்கு 0.53 மில்லிமீட்டரும், ஏனையோரது 0.74 மில்லிமீட்டரும் விரிந்தன. எலியில் கண்ட அற்புதம் இதுவன்று. எனினும் அறுவைச் சிகிச்சையின் நாளை எண்ணிக்கொண்டிருக்கும் ஒரு தாய்க்கு இவ்வேறுபாடு அற்பமாகாது.