சேற்றிலேயே நடங்கள்!



அமெரிக்காவில் அப்பலாச்சியன் மலைப்பாதை என்று ஒன்று உண்டு. 14 மாநிலங்கள் வழியாக, சுமார் 3,500 கி.மீ. நடந்தே போகலாம்! மழை பெய்தால் வழியெல்லாம் சேறு. நாம் என்ன செய்வோம்? ஓரத்துப் புல்லில் ஒதுங்கி நடப்போம். அங்கே அது தவறு. ஒதுங்கி நடந்தால் செடிகள் மிதிபட்டுச் சாகும். அந்த இடமும் சேறாகும். பின்னால் வருகிறவர் இன்னும் தள்ளி நடப்பார். ஒற்றையடிப் பாதை அகலமாகிக்கொண்டே போய்க் காட்டைத் தின்றுவிடும்! அதனால்தான், நடுச்சேற்றிலேயே நடக்கச் சொல்கிறார்கள். (வீட்டில் துணி துவைக்கிறவர்கள் என்னைத் திட்ட வேண்டாம்!)

ஷூ பாழாகிவிடுமே என்கிறீர்களா? 1955-ல் எம்மா கேட்வுட் என்ற 67 வயதுப் பாட்டி இந்தப் பாதை முழுவதையும் தனியாக நடந்து முடித்தார். காலில் சாதாரண கேன்வாஸ் ஷூ. மழைக்குப் போர்த்திக்கொள்ள, குளியலறையில் தொங்கவிடும் பிளாஸ்டிக் திரை!