எவ்வளவு கொட்டினால் சொல்வார்கள்?



நஞ்சு கசிந்தால் எத்தனை கிலோ கசிந்தபின் அறிவிக்க வேண்டும்? சட்டம் எழுதுவோருக்கு இது வெறும் எண். மறிச்சுக்கட்டியில் வாழும் நமக்கு இது கிணற்றுத் தண்ணீர், மீன், பிள்ளைகளின் உடம்பு.

எக்ஸ்-பிரஸ் பேர்ள் கப்பலை மறந்துவிட்டோமா? அதில் 25 தொன் நைத்திரிக் அமிலம் இருந்தது. கசிவு 2021 மே 11 அன்றே கப்பலில் தெரிந்துவிட்டது. மே 20 இல் கொழும்புக்கு வெளியே தீப்பற்றியது. கடலோரம் முழுக்கப் பரவிய பிளாஸ்டிக் மணிகளோ ஆபத்தான சரக்கு என்ற பட்டியலிலேயே இல்லை. பட்டியலில் இல்லாத பொருளுக்கு அளவெல்லை ஏது? அறிவிப்பு ஏது? 2025 இல் கேரளக் கடலில் எம்.எஸ்.சி. எல்சா 3 மூழ்கியபின் மன்னார்க் கரையிலும் அதே மணிகள் ஒதுங்கின. பேர்ள் கப்பல்காரர் 100 கோடி டொலர் கட்டவேண்டும் என்று நம் உயர்நீதிமன்றம் தீர்ப்பளிக்க 4 ஆண்டு சென்றது.

"சின்னக் கசிவுக்கெல்லாம் அறிக்கை கேட்டால் வேலை நடக்காது" என்பார்கள். போபாலுக்குப் பின் அமெரிக்கா 1986 இல் சட்டம் செய்தது. அங்கே 24 மணி நேரத்தில் 10 இறாத்தல் குளோரின் வெளியேறினாலே உடனே அறிவிக்க வேண்டும். அமோனியாவுக்கு 100 இறாத்தல். நஞ்சு கொடியதானால் எல்லை சிறிது. அதனால் அங்கே தொழிற்சாலைகள் மூடப்பட்டுவிட்டனவா?

ஆனால் எல்லை மட்டும் போதாது. இன்று கொஞ்சம், நாளை கொஞ்சம் என்று சிந்தினால் எந்த எல்லையும் தாண்டப்படாது. காசர்கோட்டுக் கஜுத் தோட்டங்களில் எண்டோசல்பானை ஆண்டுக்கணக்கில் வானிலிருந்து தெளித்தார்கள். அது கசிவு அல்ல, 'மருந்தடிப்பு'. ஊரே நோயில் விழுந்தது. கொண்டச்சிக் கஜுத் தோட்டத்துக்குப் பக்கத்தில் வாழும் நமக்கு இது தூரத்துக் கதையா?

நாம் கேட்பது மூன்று:

1. நஞ்சின் கொடுமைக்கேற்ற அளவெல்லை வேண்டும். சிறு சிந்தல்களையும் கூட்டிக் கணக்கிட வேண்டும்.

2. அறிவிப்பு கொழும்புக் கந்தோரோடு நிற்கக்கூடாது. அன்றைக்கே தமிழிலும் சிங்களத்திலும் ஊருக்கும் பள்ளிக்கும் சங்கத்துக்கும் வரவேண்டும்.

3. ஸ்டோரில் உள்ள மருந்துகளின் பெயரும் அளவும் பிரட்டுக்களத்தில் எழுதி ஒட்டப்பட வேண்டும்.

மருந்தடிக்கும் தோழர்களே, திகதி, மருந்தின் பெயர், அளவு, சிந்தியது எல்லாவற்றையும் கொப்பியில் குறித்து வையுங்கள். எழுத வராதவருக்குப் பிள்ளைகள் எழுதிக் கொடுக்கட்டும். அவர்கள் கணக்கு வைக்காவிட்டால் நாம் வைப்போம்!