வெடிக்காத ஒன்றுக்கு ‘வெடிப்பு’ என்ற பெயர் எதற்கு?

1936ஆம் ஆண்டின் இறுதியில், ஓரியன் மண்டலத்தில் மிருகசீரிடத்துக்குச் சற்றுக் கிழக்கே, எவரும் பொருட்படுத்தாதிருந்த மங்கலான விண்மீன் ஒன்று ஒளி கூடத் தொடங்கியது. ஏறத்தாழ ஓராண்டில் சுமார் 250 மடங்கு பொலிவு பெற்றது. எஃப்யூ ஓரியானிஸ் எனப்படும் அவ்விண்மீனைத் தமிழில் விளக்க முற்படுவோரின் கைக்கு முதலில் அகப்படும் சொல் ‘வெடிப்பு’. அச்சொல் பிழையானது, சிறு பிழையும் அன்று.

அங்கே எதுவும் வெடிக்கவில்லை. உருவாகிவரும் விண்மீனைச் சுற்றி வாயுவும் தூசியும் தட்டுப்போல் சுழல்கின்றன. அத்தட்டிலிருந்து பொருள் மெல்ல மெல்ல உள்ளே வீழ, விண்மீன் வளர்கிறது. எப்போதேனும் இவ்வரத்து திடீரெனப் பெருகி, ஆண்டுக்குக் கதிரவ நிறையின் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்ற அளவைத் தொடுகிறது. வழக்கமான அளவைப்போல் ஆயிரம் மடங்கு. அப்போது உட்தட்டு கொதித்து, நடுவிலுள்ள விண்மீனின் ஒளியையே அமிழ்த்திவிடுகிறது. ஆகவே ‘விண்மீன் வெடித்தது’ என்ற தொடரில் எழுவாயும் தவறு, பயனிலையும் தவறு. அத்தொடரைக் கேட்கும் மாணவரின் மனத்தில் எழுவது சூப்பர்நோவா, அதாவது ஒரு விண்மீனின் சாவு. இங்கு நிகழ்வதோ வளர்ச்சி.

மேலும், வெடித்தது மறுபடி வெடிக்காது. ஆனால் 2004 ஜனவரியில் ஜே மெக்நீல் என்னும் தொழில்முறை சாராத வானியலர் கண்ட மெக்நீல் நெபுலா, 1966இல் எடுத்த படத்திலும் இருந்தது, இடையில் மறைந்திருந்தது. 2004க்குப் பின் மங்கி, 2008இல் மீண்டும் ஒளிர்ந்தது. அதை ஒளிரவைக்கும் வி1647 ஓரியானிஸ் என்ற இளம் விண்மீனை ஹான்லேயின் 2 மீட்டர் தொலைநோக்கி வழியே இந்திய வானியலர் பல ஆண்டுகள் பின்தொடர்ந்தனர்.

இச்சிக்கல் சித்தூர், திருப்பதிப் பகுதிக்குத் தொலைவானதன்று. ஏர்ப்பேட்டில் உள்ள திருப்பதி ஐசர் நிறுவனத்தில் விண்மீன் பிறப்பு ஆய்வுப்பொருளாக இருக்கிறது. சித்தூருக்குத் தெற்கே ஜவ்வாது மலையில் காவலூர் வான்காணகம் இருக்கிறது. வகுப்பு ஆங்கிலத்தில் நடக்கலாம். வீட்டில் தாயிடமோ தம்பியிடமோ அதைச் சொல்லும்போது தமிழோ தெலுங்கோதான் வாய்க்கு வருகிறது. தெலுங்கில் எளிதில் கிடைக்கும் ‘விஸ்ஃபோடனம்’ என்ற சொல்லும் அதே வெடிப்புக்குத்தான் இட்டுச்செல்கிறது.

இரு மொழிக்கும் பொதுவான வினை ஒன்று உண்டு: ‘பொங்கு’. பால் பொங்கினால் பானை உடைவதில்லை. பாலாடை நீராவியைத் தடுத்து நிறுத்த, ஒரு கட்டத்தில் பால் மேலெழுகிறது. தட்டு பற்றிய ஒரு முதன்மையான விளக்கமும் இதற்கு வியக்கத்தக்க அளவு நெருக்கமானது: வெப்பம் ஏறி ஹைட்ரஜன் அயனியாகும்போது வாயு ஒளிபுகாததாகிறது, வெப்பம் வெளியேற வழியின்றித் தேங்க, வரத்து பெருகுகிறது. துணை விண்மீனின் ஈர்ப்பு, தட்டிலேயே திரண்ட கட்டிகள் உள்ளே வீழ்தல் ஆகிய விளக்கங்களும் உண்டு. ‘பொங்கொளிர்வு’ என்ற சொல் இவற்றுள் எதனோடும் முரண்படாது.

பொன்முகலியை அறிந்தோர்க்கு இன்னொன்றும் புரியும். ஆண்டின் பெரும்பகுதி மணலாய்க் கிடக்கும் அந்த ஆறு 2021 நவம்பரில் எவ்வாறு ஓடியது என்பதைத் திருப்பதி மறந்திராது. ஏதோ ஒரு நாளில் ஆற்றை அளப்பவர், இவ்வளவு வறண்ட ஆறு ஏரிகளை எப்படி நிரப்புகிறது என்றே வியப்பார். 1990இல் கென்யன், ஹார்ட்மன் முதலியோர் எதிர்கொண்ட வினாவும் இதுவே: டாரஸ் முகிலின் கருவிண்மீன்கள், அவை வளரவேண்டிய வேகத்துக்குரிய ஒளியைக் காட்டவில்லை. பொருளின் கணிசமான பங்கு வெள்ளக்காலங்களில் வந்துசேர்கிறது என்பது அதற்கு அவர்கள் முன்வைத்த விடைகளுள் ஒன்று.

‘பொங்கொளிர்வு’ பண்டிகையை நினைவூட்டுகிறது என்று முகம் சுளிப்போர் இருப்பர். பண்டிகையை நினைவூட்டும் சொல், சாவை நினைவூட்டும் சொல்லைக் காட்டிலும் எந்த வகையில் தாழ்ந்தது? கால அளவு பற்றிய மறுப்புக்கே வலு அதிகம். பால் நொடியில் தணிகிறது. எக்ஸோர் வகை விண்மீன்கள் சில மாதங்களில் தணிவதால் அவற்றுக்கு இச்சொல் பொருந்தும். 1936இல் பொங்கிய எஃப்யூ ஓரியானிஸ் இன்றுவரை முழுதாய் அடங்கவில்லை. அவ்வகைக்குப் ‘பெருக்கு’ என்ற ஆற்றுச்சொல்லே தக்கதா என்பதை வானியலரும் மொழியியலரும் ஒன்றாக அமர்ந்து முடிவுசெய்யலாம்.