தரகர் வருகிறார்

வீட்டை விற்றுவிட்டு மகனோடு போய்விடுவதா என்னும் வினா நம் இல்லத்தில் மூன்றாம் முறையாக எழுந்திருக்கிறது. முதன்முறை எழுந்தது நம் கணவர் காலமான ஆண்டில், அடுத்தது 2020இல். இம்முறை மகன் வினவியதோடு நிற்கவில்லை. வரும் ஞாயிறன்று தரகர் ஒருவரையும் உடன் அழைத்து வருவதாகத் தொலைபேசியில் கூறிவிட்டான். வாசகர் இல்லங்கள் பலவற்றிலும் இப்பேச்சு நடந்திருக்கும். ஆதலின் நம் வீட்டுக் கதையை இப்பக்கத்தில் சொல்வதைப் பொறுத்தருள்வர் என்று நம்புகிறோம்.

மணமாகி இராயபுரத்துக்கு வந்த நாளில் நமக்கு இவ்வூர் சிறிதும் பிடிக்கவில்லை என்பதை முதலில் ஒப்புக்கொள்ள வேண்டும். காற்று எந்தப் பக்கம் திரும்பினாலும் மீன் வாடை. சன்னல் கம்பிகளுக்கு ஆண்டுதோறும் வண்ணம் பூசினாலும் உப்புக்காற்று அவற்றைத் துருவாக உதிர்த்துவிடும். துறைமுகத்துக்குச் செல்லும் லாரிகள் நெடுஞ்சாலையில் மைல் கணக்கில் நிற்கும். அடுத்த வீட்டில் தாளிக்கும் கடுகு நம் வீட்டில் வெடிப்பது போல் கேட்கும். அமைதியான சிற்றூரிலிருந்து வந்த நாம் முதல் ஆறு திங்களும் தாய்வீட்டை எண்ணியே கழித்தோம். பள்ளியில் ஆசிரியைப் பணி கிடைத்தது. தெருப்பிள்ளைகள் நம் மாணவர் ஆயினர். 'புது மருமகள்' என்ற பெயர் நீங்கி 'டீச்சரம்மா' என்ற பெயர் நிலைத்தது. பிடிக்காத ஊர் எந்த நாளில் நம் ஊராயிற்று என்று கேட்டால் நமக்குச் சொல்லத் தெரியவில்லை.

இராயப்பர் பெயரால்தான் இராயபுரம் என்பர். புனித பேதுருவை நம் முன்னோர் அப்பெயராலேயே அழைத்தனர். 1829இல் அவர் பெயரால் இங்கே ஆலயம் எழுப்பியோர் படகோட்டிகள். அந்நாளில் சென்னைக்குத் துறைமுகம் கிடையாது. கப்பல்கள் தொலைவில் நங்கூரமிட்டு நிற்க, பயணிகளையும் சரக்கையும் அலைகளினூடே கரைசேர்த்தவை மசூலாப் படகுகள். இரும்பாணி அடித்த படகு அந்த அலையில் பிளந்துபோகும் என்பதால், பலகைகளைத் தென்னங்கயிற்றால் தைத்துக் கட்டினார்கள். பெரும் ஆளுநரும் அப்படகோட்டியின் கையை நம்பித்தான் கரையேற வேண்டியிருந்தது. இதை நாம் வகுப்பில் சொல்லும்போதெல்லாம், கடைசி இருக்கையில் உறங்கும் பிள்ளைகளும் நிமிர்ந்து உட்கார்ந்ததைக் கண்டிருக்கிறோம்.

துறைமுகம் வந்ததும் அத்தொழில் மங்கியது. அதைவிடப் பெரிய இழப்பும் ஒன்றுண்டு. ஆண்டின் பெரும்பகுதியில் இக்கடற்கரையோரம் மணல் தெற்கிலிருந்து வடக்காக நகர்ந்துகொண்டே இருக்கும். 1870களில் துறைமுகத்துக்காகக் கடலினுள் கற்சுவர்கள் நீட்டத் தொடங்கியபின், அம்மணல் சுவருக்குத் தெற்கே தேங்கியது, மெரினா அகன்றது. வடக்கே நமக்கு வரவேண்டிய மணல் வரவில்லை. கடல் நம் கரையை அரித்துக்கொண்டே போயிற்று. மாலையில் மெரினாவில் சுண்டல் தின்று நடப்போர் தம் காலடி மணல் யார் பங்கு என்று எண்ணுவதில்லை. நமக்கு இருப்பதோ கருங்கல் கொட்டிய கரை. மணலில் வீடு கட்டி விளையாடும் வாய்ப்பு நம் தெருப்பிள்ளைகளுக்கு வாய்க்கவில்லை. கல்லின்மேல் தாவி விளையாடத்தான் கற்றுக்கொண்டார்கள்.

1856இல் திறக்கப்பட்ட, தென்னிந்தியாவின் முதல் புகைவண்டி நிலையமும் இங்கேதான் உள்ளது. பார்சி மக்கள் 1910இல் கட்டிய அக்கினி ஆலயமும் நம் மாதா கோயில் தெருப் பக்கமே. ஸ்டான்லி மருத்துவமனையை முதியோர் இன்றும் 'கஞ்சித் தொட்டி ஆசுபத்திரி' என்றே அழைக்கின்றனர். 1780களின் பஞ்சத்தில் ஏழைகளுக்குக் கஞ்சி வார்த்த சத்திரத்தின் நினைவு அது. அறிவிப்புப் பலகையில் எத்தனை பெயர் மாறினாலும், கஞ்சி வார்த்த பெயரை மக்கள் விடவில்லை.

நம் வாயிலுக்கு மீன் கொண்டுவரும் அம்மையாரைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். முப்பது ஆண்டுகளாகக் காசிமேட்டிலிருந்து கூடை சுமந்து வருகிறார். நம்மினும் சில ஆண்டு மூத்தவர். ஏப்ரல் 15 முதல் 61 நாட்கள் விசைப்படகுகள் கடலுக்குச் செல்லக் கூடாது. மீன் குஞ்சு பொரிக்கும் காலம் என்று அரசு விதித்த தடை. அந்நாட்களில் சிறு படகுகள் கரையோரத்தில் பிடிக்கும் நெத்திலியும் மத்தியுமே அவர் கூடையில் இருக்கும். விலை கேட்டால், "உனக்கு இன்னா வேணுமோ குடு" என்பார். தடைக்காலத்தில் அவர் வீட்டில் அடுப்பு எப்படி எரிகிறது என்று நாம் கேட்டதில்லை, அவரும் சொன்னதில்லை. அத்திங்களில் பேரம் பேசுவதை மட்டும் நாம் நிறுத்திக்கொள்வோம். ஜூன் நடுவில் படகுகள் திரும்பிய மறுநாள் வஞ்சிரத்தில் நடுத்துண்டு ஒன்றை நம் தட்டில் போட்டுவிட்டு, காசு வாங்காமல் நடந்துவிடுவார். கணக்கு அவ்வாறு நேராகும்.

2020ஐப் பற்றி எழுத இத்தனை நாள் தயங்கினோம். அவ்வாண்டு மே, ஜூன் திங்களில் சென்னையிலேயே மிகுதியான கொரோனாத் தொற்று இராயபுரம் மண்டலத்தில் என்று நாள்தோறும் செய்தி வந்தது. மாநகராட்சியின் மண்டலம் நம் பேட்டையினும் மிகப் பெரியது; ஆயினும் கேட்பவர் காதில் விழுவது ஊர்ப்பெயர் ஒன்றே. உறவினர் சிலர் தொலைபேசியிலும் தள்ளி நின்று பேசுவது போலத் தோன்றியது. நம் தெருமுனையைத் தகரத்தால் அடைத்தனர். சுவரோடு சுவர் ஒட்டிய வீடுகள், ஒரே கூடத்தில் உறங்கும் எழுவர் எண்மர்: நோய் பரவ இதைவிட ஏற்ற இடம் எது? நாம் இத்தனை நாள் பெருமையாகக் கருதிய நெருக்கமே அன்று நம்மை அச்சுறுத்தியது. மகன் அழைத்தான், செல்ல வழியில்லை. பக்கத்து வீட்டுப் பெரியவர் மருத்துவமனைக்குச் சென்றவர் திரும்பவே இல்லை. அவரை வழியனுப்பத் தெருவே கூடியிருக்கும். ஒருவரும் செல்ல இயலவில்லை. அவரவர் வாயிலில் நின்றோம்.

நமக்கும் காய்ச்சல் கண்டது. மாடி அறையில் பதினைந்து நாள் தனித்திருந்தோம். இரண்டாம் நாள் காலை சன்னலுக்குக் கீழே குரல் கேட்டது: "டீச்சரம்மா, கயிறு வுடு." மீன்கார அம்மையாரின் பேரன், நம் பழைய மாணவன். கயிற்றில் கூடை கட்டி இறக்கினோம். கஞ்சித் தூக்கு ஏறி வந்தது. எதிர்வீட்டு முஸ்லிம் தங்கை சுக்குநீர் அனுப்பினார். முனைக் கடைக்காரர் மாத்திரை வாங்கி வைத்தார். பதினைந்து நாளும் அக்கூடை வெறுமையாக மேலே வந்ததில்லை. ஒரு நாள் காலை நாம் சன்னலைத் திறக்கச் சற்றுத் தாமதமாயிற்று. கீழே பத்துப் பேர் கூவிவிட்டனர்.

பின்னர் மகன் வீட்டில் ஒரு திங்கள் தங்கினோம். குறை சொல்ல ஒன்றுமில்லை. மின்தூக்கி உண்டு, பூங்கா உண்டு, மருமகள் நம்மைத் தாயினும் மேலாகப் பேணினாள். காலை எட்டு மணிக்கு இருவரும் பணிக்குச் சென்றபின், மாலை ஆறு வரை அழைப்பு மணி ஒலித்ததில்லை. எதிர்க் கதவில் ஒட்டியிருந்த பெயரை நாம் மனப்பாடமே செய்துவிட்டோம்; அப்பெயருக்கு உரியவரை ஒருமுறையும் காணவில்லை. அங்கே நாம் இருமினால் கேட்க ஆளில்லை என்று சொன்னபோது மகன் வருந்தினான். அவன் அச்சத்திலும் நியாயம் உண்டு. முழங்கால் வலி கூடிவருகிறது, மாடிப்படி செங்குத்து. இரவில் விழுந்துவிட்டால் கூவுவதற்கேனும் மூச்சு வேண்டுமே என்கிறான். அதற்கு நம்மிடம் விடையில்லை.

ஞாயிறும் வந்தது. தரகர் வருவதை நாம் எவரிடமும் சொல்லவில்லை. எனினும் காலையிலேயே மீன்கூடை வாயிலில் இறங்கியது. "இன்னா டீச்சரம்மா, வூட்டக் குடுத்துட்டுப் போறியாமே?" இவ்வூரில் இரகசியம் என்பது உப்பைப் போல, காற்றிலேயே இருக்கிறது. நாம் மறுமொழி கூறுமுன் அவர் சங்கரா மீனை ஆய்ந்து கொடுத்துவிட்டு நடந்தார். அன்று அவரும் பேரம் பேசவில்லை.

பதினொரு மணிக்குத் தரகர் வந்தார். சுவரைத் தட்டினார், உப்புப் பூத்திருக்கிறது என்றார். சன்னல் கம்பியைச் சுரண்டினார், விரலில் துரு. கார் நுழையாத தெரு, மீன் வாடை, எதிரும் புதிருமாக வீடுகள் என்று ஒவ்வொன்றாகச் சொல்லி விலையைக் குறைத்துக்கொண்டே வந்தார். நாம் முதல் ஆண்டில் சொன்ன அதே குறைகள். நாம் வாய் திறக்கவில்லை. மகன்தான் முகம் சிவந்தான்.

"மாடிக்கு வாங்க சார், கடற்காற்று எப்படி வருதுன்னு பாருங்க. நான் இங்கேதான் படிச்சேன். மின்சாரம் போனாலும் விசிறி தேடினது கிடையாது" என்றான். பேச்சு வளர்ந்தது. கடைசியில் தரகர் தம் குடையை எடுத்துக்கொண்டார்.

மகன் கை கழுவிக்கொண்டு உட்கார்ந்தான். சங்கரா மீன் குழம்பை இரண்டு முறை கேட்டு வாங்கி உண்டான். பிறகு படியின் உயரத்தை விரலால் அளந்து பார்த்து, கைப்பிடி போட ஆசாரி யாரேனும் இப்பக்கம் இருக்கிறாரா என்று கேட்டான். அடுத்த தெருவில் இருக்கிறார் என்றோம்.